பாடற் பரீட்சைக்கு முன் குரலைப் பதஞ்செய்தல்

இசைக்கருவி வாசிப்போர் எவரும் கருவியைக் கையில் எடுத்தவுடனே வாசிக்கத் தொடங்குவதில்லை. மிருதங்க வித்துவான் இடப்புறத் தோலில் ரவைப் பசையை அப்பி, வலப்புறத்து மூட்டினைத் தட்டிச் சுருதி சேர்க்கின்றார். நாதசுர வித்துவான் சீவாளியை இதழிடையே வைத்து நனைத்து, மெல்ல ஊதிப் பதம் பார்க்கின்றார். வீணை வாசிப்பவர் பிரடைகளைத் திருகித் தந்திகளை ஒத்துப் பார்க்கின்றார். கஞ்சிராவின் தோலுக்கும் சில துளி நீர் வேண்டியிருக்கின்றது. இவையெல்லாம் மரமும் தோலும் நாணலும் கம்பியும் ஆகிய உயிரற்ற பொருள்கள். இவற்றுக்கே இத்துணைப் பக்குவம் வேண்டுமாயின், தசையும் சவ்வும் குருதியும் கொண்டு, உண்ட உணவுக்கும் உறங்கிய உறக்கத்துக்கும் உள்ளத்தின் அச்சத்துக்கும் ஏற்ப நாழிகைதோறும் மாறுபடும் மனிதக் குரலுக்கு எத்துணைப் பக்குவம் வேண்டும்? ஆயினும் நடைமுறையிற் காண்பது இதற்கு மாறானது. கருவியாளர் அனைவரும் ஆயத்தஞ் செய்துகொண்டிருக்கப் பாடுபவர் மட்டும் வந்தமர்ந்து வாய் திறக்கின்றார்.

கச்சேரி மேடையில் இக்குறை பெரிதும் வெளிப்படுவதில்லை. அரியக்குடி இராமாநுஜ ஐயங்கார் (1890 - 1967) வகுத்த வழியிலே இன்றைய கச்சேரிகள் வர்ணத்தோடு தொடங்குகின்றன. வர்ணமும் அதனை அடுத்து வரும் சிறு கீர்த்தனைகளும் முடிவதற்குள் பாடகரின் குரல் தானே இளகிவிடும். இரண்டு மணி நேரம் பாடவிருப்பவருக்கு முதற் பத்து நிமிடத்துக் கரகரப்பு ஒரு பொருட்டன்று. பரீட்சைக்குத் தோற்றும் மாணவரின் நிலையோ வேறு. அவருக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. குரல் இளகத் தொடங்கும் வேளையில் பரீட்சகர் எழுதுகோலை மூடி வைத்துவிடுவார்.

இந்நாட்டிலே இசைப் பரீட்சைகளுக்கு நெடிய வரலாறு உண்டு. 1931ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட வட இலங்கைச் சங்கீத சபை தரம் தரமாகப் பரீட்சைகளை நடத்தி, அவற்றின் உச்சியிலே கலாவித்தகர் என்னும் பட்டத்தை வழங்கி வந்துள்ளது. கல்விப் பொதுத் தராதரப் பத்திரப் பரீட்சையிலும் கருநாடக சங்கீதம் கற்போர் செய்முறைப் பரீட்சைக்குத் தோற்றுகின்றனர். இப்பரீட்சைகளை நோக்கி மாணவர் ஆண்டுக்கணக்கில் உழைக்கின்றனர். பெற்றோர் தம் வருவாயிற் பகுதியை ஒதுக்குகின்றனர். விடியுமுன் எழுந்து பேருந்தேறி, புழுதியுங் காற்றும் பட்டு, பரீட்சை மண்டபத்து விறாந்தையிலே காத்திருந்து, பெயர் அழைக்கப்பட்டதும் உள்ளே சென்று பாடத் தொடங்கும் மாணவிக்கு முதற் சுவரமே பிசிறுமாயின், பிசிறியது அவளுடைய கல்வியன்று, பதமடையாத குரலே. ஆயினும் புள்ளியிடுபவருக்குக் கல்வி வேறு, குரல் வேறு எனப் பிரித்துக் கேட்க இயலாது. ஆதலின் குரலைப் பதஞ்செய்யும் முறையை அறிந்துகொள்ளுதல் பரீட்சைப் பாடத்தின் ஒரு கூறாகவே கொள்ளத் தக்கது.

குரல் பிறக்கும் இடத்தைத் தமிழர் மிடறு என்றனர். பேச்சொலியின் பிறப்பை ஆராய்ந்த தொல்காப்பியர், கொப்பூழிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு என்னும் இடங்களில் நிலைபெற்றுப் பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் துணையோடு வெவ்வேறு எழுத்தாகின்றது என்று பிறப்பியலிலே கூறுகின்றார். காற்று, மிடறு, வாய் என்னும் முக்கூறும் சேர்ந்ததே குரல் என்னும் உண்மை இதனுள் அடங்கியிருக்கின்றது. மிடற்றினுள்ளே நிகழ்வதைக் கண்ணாற் காணுவதற்கோ 19ஆம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதனை முதன்முதலிற் கண்டு விவரித்தவரும் ஒரு பாட்டாசிரியரே என்பது இசை பயில்வோர் மகிழத்தக்க செய்தி. மானுவேல் கார்சியா என்னும் ஸ்பானியர் 1854ஆம் ஆண்டிலே, பல் வைத்தியர் கையாளும் சிறு கண்ணாடியைத் தம் தொண்டையுட் செலுத்தி, மற்றொரு கண்ணாடியாற் சூரிய ஒளியை அதன் மீது பாய்ச்சித் தம் குரல்நாண்கள் அசைவதைத் தாமே கண்டார். தாம் கண்டவற்றை அடுத்த ஆண்டு இலண்டன் வேத்தியற் சங்கத்துக்கு எழுதி அறிவித்தார். 101 ஆண்டுகள் வாழ்ந்த அப்பெரியார் செய்த சோதனையே இன்றைய தொண்டை மருத்துவத்தின் தோற்றுவாய்களுள் ஒன்றாயிற்று.

அவர் கண்ட குரல்நாண்கள் உண்மையில் கயிறு போன்ற நாண்கள் அல்ல. குரல்வளையின் உள்ளே, வாதனாளியின் தலைவாயிலில், முன்பின்னாக அமைந்த இரு சிறு மடிப்புகளே அவை. வளர்ந்த பெண்களில் ஏறத்தாழ 1 முதல் 1½ சதமமீற்றர் வரையும், ஆண்களில் ஏறத்தாழ 1½ முதல் 2 சதமமீற்றர் வரையும் நீளமுடையவை. மூச்சு விடும்போது அவை விலகி நிற்கும். பாடும்போது நெருங்கி வரும். சுவாசப்பையிலிருந்து எழும் காற்று அவற்றினிடையே புகுந்து அவற்றைத் தள்ளித் திறக்க, அவை மீண்டும் கூட, இவ்வாறு ஒரு செக்கனுக்குப் பலநூறு முறை திறந்து மூடுவதாலேயே ஒலி பிறக்கின்றது. ஐந்து கட்டைச் சுருதியிற் பாடும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோமாயின், மத்திய ஷட்ஜத்தில் அவளுடைய மடிப்புகள் செக்கனுக்கு ஏறத்தாழ 196 முறை அதிர்கின்றன. மந்தர பஞ்சமத்துக்கு இறங்கும்போது 147 முறையாகவும், தார பஞ்சமத்துக்கு ஏறும்போது 588 முறையாகவும் அவ்வதிர்வு மாறுகின்றது. நகத்தளவான தசைமடிப்பு ஒன்று ஒரே மூச்சிலே தன் அதிர்வை நான்கு மடங்காக உயர்த்தவும் தாழ்த்தவும் வேண்டியிருக்கின்றது என்றால், அதனை ஆயத்தமின்றி அவ்வேலையில் ஏவுதல் முறையாகுமா?

இம்மடிப்புகளின் அமைப்பை மேலும் நோக்குதல் வேண்டும். ஜப்பானிய மருத்துவர் மினோரு ஹிரானோ 1970களிலே தெளிவுறுத்தியபடி, மடிப்பின் உள்ளீடு தசை. அதன் மேற்போர்வை பாகு போன்று இளகிய மென்படலமும் அதனை மூடிய சீதச்சவ்வும் ஆகும். பாடும்போது அலையலையாய் நெளிவது இப்போர்வையே. உட்தசை இறுகியும் தளர்ந்தும் சுருதியை ஒழுங்கு செய்ய, போர்வை ஈரமாயும் இளக்கமாயும் இருந்து நாதத்தைத் தருகின்றது. இதிலிருந்து குரலின் பதம் என்பது மூன்று கூறுகளையுடையது என்பது விளங்கும். தசை இணக்கமாக இயங்குதல் ஒன்று. போர்வை ஈரப்பதத்தோடிருத்தல் மற்றொன்று. காதும் மூச்சும் மிடறும் ஒன்றையொன்று கேட்டு நடத்தல் மூன்றாவது. குரலைச் சூடேற்றுதல் என்று வழக்கிற் கூறினும், உடலின் உட்புறம் எப்போதும் ஏறத்தாழ 37 பாகை வெப்பத்தில் இருப்பதே. ஆதலின் வெறும் வெப்பத்தினும் இம்மூன்றையும் ஒருங்கமைத்தலே கருதத்தக்கது.

முதலிற் கவனிக்க வேண்டியது துயில் நீங்கும் நேரம். உறங்கி எழுந்தவரின் குரல் தடித்தும் தாழ்ந்தும் ஒலிப்பதை யாவரும் அறிவர். இரவெல்லாம் படுத்திருந்தமையால் மடிப்புகளில் நீர் சற்றுத் தங்கி அவை பருத்திருக்கும், சீதமும் கெட்டிப்பட்டிருக்கும். எழுந்து நடமாடி, மெல்லப் பேசி, நீர் அருந்திச் சிறிது நேரம் கழிந்த பின்பே அந்நிலை மாறும். ஒன்பது மணிக்குப் பரீட்சை என்றால் ஆறு மணிக்குப் பிந்தி எழுதல் ஆகாது. அதற்காக நள்ளிரவு வரை விழித்திருந்து பாடம் செய்தலும் ஆகாது. உறக்கக் குறைவைக் குரல் முதலிலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டாவது நீர். இதிலே நெடுங்காலமாக நிலவும் ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். அருந்தும் நீர் குரல்நாண்களைக் கழுவிச் செல்கின்றது என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறு செல்லுமாயின் மனிதர் ஒவ்வொரு மிடறு நீருக்கும் புரைக்கேறித் தவிப்பர். விழுங்கும்போது குரல்வளை மேலெழுந்து மூடிக்கொள்ள, நீர் பின்புறமுள்ள களத்தின் வழியே இரைப்பைக்குச் செல்கின்றது. அங்கிருந்து குருதியிற் கலந்து உடலெங்கும் பரந்த பின்பே குரல்மடிப்புகளுக்கு அதன் பயன் கிட்டும். ஆகவே பரீட்சை மண்டப வாயிலில் நின்று ஒரு போத்தல் நீரைக் குடிப்பதாற் பயன் சிறிது. முதல் நாட் காலையிலிருந்தே சிறிது சிறிதாகப் போதிய நீர் அருந்தி வருதலே முறை. மடிப்புகளை நேரே சென்று தொடவல்லது மூச்சோடு செல்லும் ஈரம் ஒன்றே. பாத்திரத்திலுள்ள வெந்நீரின் ஆவியை, சுடாத தூரத்தில் இருந்து, சில நிமிடம் மெல்ல உள்ளிழுத்தல் அவ்வகையில் நன்மை தரும். சிறுவர் இதனைச் செய்யும்போது பெரியோர் அருகிருத்தல் இன்றியமையாதது.

கொத்தமல்லித் தேநீர், சுக்கு, மிளகு, அதிமதுரம், பனங்கற்கண்டு முதலியன இல்லந்தோறும் வழங்கும் மருந்துகள். அவை மிடற்றுச் சுவரின் வறட்சியைத் தணித்து, உமிழ்நீரைச் சுரப்பித்து, இதமளிக்கின்றன. அத்துணையே அவற்றின் தொழில். கரகரத்த குரலை அரை நாழிகையில் வெண்கல மணியாக்கும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. புதினாச் சத்திட்ட மிட்டாய்கள் சில தொண்டையை மரத்துப்போகச் செய்யும். வலி தோன்றாமையால் மாணவர் தம் குரலை வருத்திப் பாடிவிட்டு, பின்னரே அதன் தீமையை உணர்வர். உணவைப் பொறுத்தவரை, வெறும் வயிற்றோடு செல்லுதலும் வயிறு புடைக்க உண்டு செல்லுதலும் ஒருங்கே தவறு. நிறைந்த வயிறு பிரிமென்றகடு கீழிறங்க இடம் விடாது. மிகுந்த உறைப்பும் எண்ணெய்யும் சேர்ந்த உணவு சிலருக்குப் புளிப்பை மேலெழச் செய்து மிடற்றை எரிக்கும். பாடுவதற்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு முன் இடியப்பமும் சொதியும் போன்ற எளிய உணவை அளவோடு உண்ணல் போதும்.

இனி, பதஞ்செய்யும் முறை. அதனைக் குரலிலிருந்து தொடங்காமல் உடம்பிலிருந்து தொடங்குதல் வேண்டும். கருநாடக இசை பாடுவோர் தரையிற் சப்பணமிட்டு அமர்வர். முதுகு கூனியிருப்பின் விலாவெலும்புகள் விரிவதற்கு இடமில்லை. நிமிர்வென்று விறைத்திருப்பின் கழுத்துத் தசைகள் இறுகும். பேருந்திலே நெருக்குண்டு வந்தவரின் தோளும் கழுத்தும் இறுகியிருப்பது இயல்பு. தோள்களை மெல்லச் சுழற்றி, தலையை இருபுறமும் மெதுவாகத் திருப்பி, கொட்டாவி விடுவது போல வாயைத் திறந்து தாடையைத் தளர்த்துதல் முதற்படி. குரல்வளை எலும்புக்கூட்டில் உறுதியாகப் பொருத்தப்பட்டதன்று. தசைகளாலும் நார்களாலும் கழுத்தில் தொங்கவிடப்பட்டதே. சுற்றியுள்ள தசைகள் இறுகினால் அதுவும் இறுகும் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

அடுத்தது மூச்சு. தோளை உயர்த்தி இழுக்கும் மூச்சு மார்பின் மேற்பகுதியையே நிரப்பும். பிரிமென்றகடு கீழிறங்க, வயிறும் கீழ்விலாவும் விரியுமாறு இழுக்கும் மூச்சே பாட்டுக்கு உதவும். அவ்வாறு அமைதியாக உள்ளிழுத்து, பாம்பு சீறுவது போன்ற ஸகர ஒலியோடு பத்துப் பதினைந்து செக்கன் வரை ஒரே சீராக வெளிவிடுதலை ஐந்தாறு முறை செய்தல் வேண்டும். இங்கே பழகுவது மூச்சின் அளவை அன்று. அது வெளியேறும் ஒழுங்கையே. நீண்ட கார்வையில் நடுங்கும் குரல் பெரும்பாலும் மூச்சொழுங்கு தவறிய குரலே ஆகும்.

மூன்றாவதாக, வாய்மூடி முனகுதல். இதழ்களை மெல்லப் பொருத்தி, பற்களைச் சிறிது விலக்கி, மகர ஒற்றை மத்திய ஷட்ஜத்தில் மெதுவாக நீட்டினால், இதழிலும் மூக்கெலும்பிலும் மெல்லிய அதிர்வு தோன்றும். இவ்வதிர்வே மாணவர்க்கு வழிகாட்டி. அது தோன்றுமாயின் மிடறு நெருக்கப்படவில்லை என்று கொள்ளலாம். இதனோடு ஒத்த பயன் தருவது சிறு குழலினூடே குரல் கொடுத்தல். பின்லாந்து நாட்டிலே குரற் பயிற்சியாளர் கண்ணாடிக் குழலை நீருள் வைத்து ஊதிக் குரலிடும் முறையை 1960கள் முதற் கையாண்டு வந்துள்ளனர். அமெரிக்க ஆராய்ச்சியாளர் இங்கோ டிட்ஸே இத்தகைய பயிற்சிகள் பயன் தருவதற்கான காரணத்தை 2006ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையொன்றில் விளக்கினார். வாயின் வெளிவாயில் ஒடுங்கும்போது காற்றின் அமுக்கம் சற்றே பின்திரும்பி, குரல்மடிப்புகளை மேலிருந்து தாங்குகின்றது. அதனால் அவை ஒன்றோடொன்று மோதி அறையாமல் மெல்லத் தொட்டு அதிர்கின்றன. பெரிதாகப் பாடாமலே குரலுக்கு நல்ல பயிற்சி கிட்டுகின்றது. இதற்குக் கண்ணாடிக் குழல் தேடி அலைய வேண்டியதில்லை. இளநீர் பருகும் குழலே போதும். பப்பாசி இலையின் தண்டைக் குழலாக்கி ஊதித் திரியும் கிராமத்துச் சிறுவர், தாம் செய்வது இன்னதென்று அறியாமலே, இப்பயிற்சிக்கு மிக அணுகி நிற்கின்றனர்.

இவ்வாறு ஐந்து நிமிடம் சென்றபின், குரலைச் சுவரங்களில் நிறுத்தாது, மத்தியில் தொடங்கிக் கீழும் மேலும் வழுக்கி ஓட விடுதல் நன்று. உரத்த ஒலி வேண்டுவதில்லை. முதலில் மந்தரப் பக்கமாக இறங்கி, பின்னர் சிறிது சிறிதாக மேலேறுதல் வேண்டும். வைகறையிலே மந்தர ஸ்தாயியைப் பயிலும் மந்தர சாதகம் என்னும் மரபு இதனோடு எவ்வளவு பொருந்துகின்றது என்பது கருதத்தக்கது. காலையிலே மடிப்புகள் பருத்துத் தாழ்ந்த ஒலிக்கே இணங்கி நிற்கின்றன. இணங்கும் இடத்திலே தொடங்கி இணங்காத இடத்துக்கு மெல்ல அழைத்துச் செல்வதே அம்மரபின் உட்கருத்து. எடுத்த எடுப்பிலே தார ஸ்தாயியைப் பிடித்துப் பார்ப்பது, பூட்டிய கதவைத் திறவாது இடித்துப் பார்ப்பதற்கு ஒப்பாகும்.

இதன் பின்பே வாய் திறந்த அகாரமும் சுவர வரிசையும். புரந்தரதாசர் வகுத்ததாக மரபு கூறும் ஆரம்பப் பாடங்கள் மாயாமாளவகௌளை இராகத்திலே அமைந்துள்ளன. இவ்விராகத்தின் கீழ்ப்பாதியும் மேற்பாதியும் ஒரே இடைவெளிகளை உடையன. ஷட்ஜத்திலிருந்து மத்தியமம் வரை குரல் எவ்வாறு நடந்ததோ, பஞ்சமத்திலிருந்து மேல் ஷட்ஜம் வரையும் அவ்வாறே நடக்கும். நெருங்கிய சுவரமும் அகன்ற சுவரமும் மாறி மாறி வருவதாற் காதும் மிடறும் ஒருங்கே விழித்துக்கொள்ளும். தொடக்க மாணவர்க்குரியது என்று உயர்தரத்தினர் சரளி வரிசையை இகழ்தல் தகாது. பதஞ்செய்தற்கு அதனினும் ஏற்றது அரிது. அதனை முதற் காலத்தில் அகாரமாகப் பாடி, பின்னர் இரண்டாங் காலத்துக்குச் செல்லலாம். ஜண்டை வரிசையில் இரட்டைச் சுவரங்களின் பின்னதற்கு அழுத்தம் வேண்டியிருத்தலின் அது சரளியின் பின்னரே வரத்தக்கது. கமகம் மிகுந்த பகுதிகளும் துரித காலப் பிருகாக்களும் இறுதிக்கு உரியன. இவ்வரிசையைத் தலைகீழாக்கின் பயிற்சியே பழுதாகும்.

இவை அனைத்தையும் முடிக்க 15 முதல் 20 நிமிடம் போதும். இதற்கு மேற் செல்வதே பல மாணவர் அடையும் இடர். அச்சத்தினாலே உந்தப்பட்டு, பரீட்சைக் காலையில் எல்லாக் கீர்த்தனைகளையும் முழுக் குரலில் இருமுறை மும்முறை பாடிப் பார்த்துவிட்டு, மண்டபத்துக்குள் நுழையும்போது களைத்த குரலோடு நுழைகின்றனர். யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணறுகளின் இயல்பை அறிந்தோர்க்கு இதனை எளிதில் விளக்கலாம். அளவாக இறைக்கும் வரை கிணறு நன்னீரைத் தரும்; ஊற்றுக்கு அவகாசமின்றி இறைத்தால் உவரே மேலெழும். குரலும் அத்தகையதே. பாடல்களை மீட்டுப் பார்க்க வேண்டுமாயின் வாய்க்குள்ளே, தாளம் போட்டு, மனத்தாற் பாடிப் பார்க்கலாம். மனப்பாடம் உறுதிப்படும், மிடறும் களைக்காது.

விறாந்தையிலே காத்திருக்கும் நேரம் தனிக் கவனத்துக்குரியது. பெயர் எப்போது அழைக்கப்படும் என்பது பெரும்பாலும் தெரியாது. வீட்டிலே பதஞ்செய்த குரல் ஒரு மணி நேரம் வாளாவிருந்தால் அப்பதம் தளரும். ஆதலின் காற்மணிக்கு ஒருமுறை இரண்டு நிமிடம், அருகிலிருப்போர்க்குக் கேளாத அளவில், வாய்மூடி முனகிக்கொள்ளல் வேண்டும். நண்பரோடு இரைச்சலுக்கு மேலாகக் குரலெழுப்பிப் பேசுதலும், சிரித்துக் கூச்சலிடுதலும் பாடுவதினும் மிகுதியாகக் குரலைத் தேய்க்கும். அடிக்கடி தொண்டையைக் கனைத்தல் மற்றொரு தீய பழக்கம். கனைக்கும்போது மடிப்புகள் ஒன்றோடொன்று வன்மையாக மோதுகின்றன. அதனால் மீண்டும் சீதம் சுரக்கின்றது. மீண்டும் கனைக்கத் தோன்றுகின்றது. அவ்வாறு தோன்றும்போது ஒரு மிடறு நீரை விழுங்குதலே தக்க மாற்று.

அச்சமும் குரலும் நெருங்கிய தொடர்புடையன. அச்சம் மிகும்போது இதயம் விரைந்து துடிக்க, வாய் உலர, மூச்சு மேலெழுந்து குறுகுகின்றது. குறுகிய மூச்சிலே கார்வை நில்லாது. இதற்கு மருந்து மூச்சிலேயே உண்டு. உள்ளிழுப்பதினும் வெளிவிடுவதை நீட்டி, பத்துப் பன்னிரண்டு முறை மூச்சு விடுவோர்க்கு நெஞ்சின் துடிப்புத் தணிகின்றது. மண்டபத்துட் சென்று அமர்ந்தவுடன் பாடத் தொடங்குதலும் வேண்டுவதில்லை. சுருதி ஒலிக்கத் தொடங்கியபின் இரண்டு மூச்சு நேரம் அதனைக் கேட்டு, மனத்துள்ளே ஷட்ஜத்தை நிறுத்திய பின் வாய் திறத்தல் வேண்டும். இசை அறிந்த பரீட்சகர் அதனைத் தாமதமென்று கொள்ளார். சுருதியைக் கேட்கும் பழக்கமென்றே கொள்வர்.

சுருதியைத் தெரிவு செய்தலும் பதஞ்செய்தலோடு சேர்ந்த ஒன்றே. பன்னிரண்டு வயதுக்கும் பதினைந்து வயதுக்கும் இடைப்பட்ட ஆண்பிள்ளைகளிலே குரல்வளை விரைந்து வளர்கின்றது. மடிப்புகள் நீண்டு தடிக்க, குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி தாழ்கின்றது. சென்ற ஆண்டு ஐந்து கட்டையிற் பாடிய சிறுவன் இவ்வாண்டு அதிற் பாட இயலாது திணறுவது சோம்பலினால் அன்று. அவனைப் பழைய சுருதியிலே நிறுத்தி, மாணவியரோடு ஒருங்கே பாடச் செய்தல் கொடுமையாகும். எவ்வளவு பதஞ்செய்தாலும் பொருந்தாச் சுருதியைப் பொருத்தமாக்க இயலாது. அப்பருவத்திலே அரைக் கட்டை அரைக் கட்டையாக இறக்கிப் பார்த்து, மந்தர பஞ்சமமும் தார காந்தாரமும் வருந்தாது எட்டும் இடத்தைக் கண்டறிதல் ஆசிரியரின் கடமை. அதனையும் பரீட்சைக்குப் பல கிழமைகளுக்கு முன்பே செய்தல் வேண்டும்.

சளியும் தொண்டை அழற்சியும் பரீட்சைக் காலத்திலே வந்து சேர்வதும் உண்டு. மூக்கடைப்பு மட்டுமாயின் மெல்லப் பதஞ்செய்து பாடலாம். பேச்சே கரகரத்து, மேற்சுவரங்கள் காற்றாகிப் போகுமாயின், மடிப்புகள் வீங்கியுள்ளன என்பது பொருள். வீங்கிய மடிப்புகளை வற்புறுத்திப் பாடச் செய்தால் அவற்றினுள்ளே நுண்ணிய குருதிக்குழாய் வெடித்துக் குருதி கசியவும் கூடும். எந்த முனகலும் எந்த ஆவியும் அந்நிலையைப் பதமாக்க மாட்டா. ஓய்வே மருந்து. ஓய்வென்பது குசுகுசுப்பன்று, வலிந்து குசுகுசுத்தலும் மிடற்றை வருத்துவதே. மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்கும் கரகரப்பை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். இச்செய்தி பெற்றோர் மனத்திலே நன்கு பதியத்தக்கது. ஒரு பரீட்சையைத் தவறவிட்டால் ஓராண்டு போகும். அதற்கஞ்சி நோயுற்ற குரலைப் பாடச் செய்தால், பின்வரும் ஆண்டுகள் அனைத்துக்கும் உரிய குரலைப் பணயம் வைத்ததாகும். வீணையின் தந்தி அறுந்தால் வேறு தந்தி வாங்கிக் கட்டலாம்; மிடற்றுக்கு மாற்று விற்கும் கடை எங்கும் இல்லை.

பரீட்சை நடக்கும் பாடசாலைகளும் இவ்வகையிற் சிறிது உதவலாம். பாட வேண்டியவர்கள் இரைச்சலின்றி அமர்ந்திருக்க ஓர் அறையும், குடிப்பதற்கு இளஞ்சூடான நீரும், சுருதி கேட்க ஒரு சுருதிப்பெட்டியும் இருப்பின் போதும். பெருஞ் செலவு எதுவுமின்றியே மாணவர் பலரின் உழைப்புக்கு நியாயம் செய்ததாகும். பாடி முடித்தபின் உடனே ஓடிச் சென்று குளிர்பானம் பருகி உரத்துப் பேசாமல், மெல்லிய முனகலோடு குரலை மேலிருந்து கீழிறக்கி அடக்கிக்கொள்ளும் பழக்கத்தையும் மாணவர்க்குக் கற்பித்தல் நன்று. நெடுந்தூரம் ஓடியவன் சட்டென நில்லாது நடந்து நடந்து இளைப்பாறுவது போன்றது அது.

இறுதியாக ஒன்று கூறத்தக்கது. குரலைப் பதஞ்செய்தல் மாணவரிடம் இல்லாத வித்தையை உண்டாக்கித் தராது. பயிலாத வர்ணம் பதமான குரலிலும் பயிலாத வர்ணமே. ஆனால் ஆண்டுக்கணக்காகப் பயின்ற வித்தை, ஆயத்தமற்ற மிடற்றினுள்ளே அகப்பட்டு வெளிவராது போகும் இழப்பை அது தடுக்கும். பரீட்சைக் காலையில் ஒதுக்கும் அந்த இருபது நிமிடமும் ஐந்தாறு ஆண்டுகளின் உழைப்புக்குத் திறக்கும் வாயிலாகும். அவ்வாயிலை மாணவர் நாள்தோறும் தம் சாதகத்தின் தொடக்கத்திலே திறந்து பழகினால், பரீட்சை நாளிலே அது தானே திறக்கும்.